டெக்சாஸை உண்டாக்கிய கொள்ளுத்தாத்தா

தனுஷ்கோடி அண்ணாச்சி அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கி நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு ஆளும் வீடு தேடி வந்து விசாரிக்கவில்லை. ஐந்தாம் நாள் அவரே கிளம்பிவிட்டார். முறம் அகலத்துக்கு ஒரு தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சரியாகப் பதினோரு மணி டீ நேரம் பார்த்து, காலண்டர் அச்சாபீசின் ப்ரூஃப் அறைக்குள் நுழைந்தார். வாசல் நிலையில் இடித்துத் தொப்பி கீழே விழுந்தது. அதை எடுத்துத் தட்டி மறுபடி வைத்துக்கொண்டு, "அங்கெல்லாம் வாசலே லாரி நுழையிற மாதிரிதான் இருக்கும். பழகிப்போச்சு" என்றார்.

சிவகாசியில் அண்ணாச்சியை அறியாதவர்கள் குறைவு. நாற்பது வருஷம் காலண்டர் ஆர்டர் பிடித்தவர். ஆடி பதினெட்டுக்கு மாதிரிப் படங்களின் ஆல்பம் வெளியானதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், தீபாவளிக்குத்தான் ஊர் திரும்புவார். காரைக்குடியில் ஒரு நகைக்கடைக்காரரிடம், இந்த முருகன் படத்தை மாட்டினால் கடைக்குள் வந்த ஆள் வாங்காமல் வெளியே போகமாட்டான் என்று சொல்லி ஐயாயிரம் காலண்டர் தள்ளிவிட்டவர். அந்தக் கடைக்காரர் மறு வருஷமும் அவரிடமே வாங்கினார் என்பதுதான் இதில் நம்ப முடியாத பகுதி. அப்பேர்ப்பட்ட வாய் ஆறு மாதம் டெக்சாஸ் மாகாணத்தில் மகள் வீட்டில் சும்மா இருந்துவிட்டு வந்திருக்கிறது. சொல்லாத பேச்செல்லாம் சேர்ந்து இருக்கத்தானே செய்யும்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். தகரம் அடிக்கும் கால் மிஷினில் செல்லக்கனி. மாதக் காலண்டரின் தலைமாட்டில் தகரப் பட்டையை வைத்து ஒரு மிதி மிதித்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். இருபது வருஷமாக அவள் மிதித்துக்கொண்டிருக்கிறாள். கட்டிங் மிஷின் பொன்ராஜ் டீ குடிக்க வந்தவன், எதையும் நம்புவான். மூன்றாவது ஆள், ப்ரூஃப் பார்க்கும் காளிராஜ்.

காளிராஜுக்கு அறுபத்து மூன்று வயது. ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். எந்த வருஷத்தின் எந்தத் தேதியைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் கிழமையைச் சொல்லிவிடுவார். இந்தத் திறமையால் இதுவரை யாருக்கும் ஒரு உபகாரமும் ஆனதில்லை. ஆனாலும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

அன்றைக்கு அவர் மனசு கிழமையில் இல்லை. அவர் மகளும் அதே டெக்சாஸில், அண்ணாச்சி மகள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். ஆகஸ்டில் பிரசவம். "மாமா, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க, டிக்கெட் போடணும்" என்று மருமகன் காலையில் பேசிவிட்டார். ஜூலைக் கடைசியில் போனால் ஆறு மாதம். காளிராஜின் மனைவி சண்முகத்தாய் வத்தல் வடகமெல்லாம் கட்டி வைத்தாயிற்று. "நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க. நான் போறேன்" என்று சொல்லியும் விட்டாள். திருச்செந்தூருக்கு அப்பால் தாண்டாத பெண்பிள்ளை.

காளிராஜுக்குத்தான் தயக்கம். குளிருக்குப் பயமில்லை, விமானத்துக்கும் பயமில்லை. ஒரு ஆம்பிளை அங்கே பகல் பொழுதை எப்படித் தள்ளுவது என்பதுதான் பயம். இதை மகளிடம் கேட்டால் வருத்தப்படுவாள். மனைவியிடம் கேட்டால் சிரிப்பாள். ஆளில்லாத வீடு, தெரியாத பாஷை, பார்க்க ப்ரூஃப் கிடையாது. வீடியோவில் மகள் பேசும்போது அவள் பின்னால் அடுப்படிச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். ராகு காலம் போடவில்லை, தேதி எழுத்து எறும்பு அளவு. போன மே மாதம் அதில் ஒட்டகப் படம் இருந்தது. அமெரிக்காவில் ஏது ஒட்டகம், படம் மாற்றி அச்சடித்துவிட்டானோ என்று தொழில் முறையில் ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டார்.

ஆகவே அண்ணாச்சியைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க பகல்ல என்ன பண்ணுவீங்க?"

"பகல்ல என்ன பண்ணுவேனா?" அண்ணாச்சி எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். தனக்கும் ஒன்று பிரித்துக்கொண்டார். "டெக்சாஸ்னா என்னன்னு நினைச்ச காளிராசு? அஞ்சு தமிழ்நாட்டை உள்ள போட்டுப் பூட்டலாம். பூட்டின பிறகும் தண்ணி லாரி போக வழி இருக்கும்."

அன்று அவர் சொன்ன நீள அகலங்களில், அளந்து பார்த்தால் சரியாக வரக்கூடியது இது ஒன்றுதான்.

"அந்த டெக்சாஸை உண்டாக்கினது யாரு, தெரியுமா? எங்க கொள்ளுத்தாத்தா. பெரிய தனுஷ்கோடி."

டக் என்று மிஷின் நின்றது. "உங்க தாத்தா சாத்தூர் ஸ்டேஷன்ல வெள்ளரிக்காய் வித்தாருன்னுல்ல எங்கம்மா சொல்லுவா?" என்றாள் செல்லக்கனி.

"அது தாத்தா. நான் சொல்றது அவருக்கும் மேல உள்ளவரு. கிணறு வெட்டுறதுல கில்லாடி. கரிசல்ல வெட்டி வெட்டித் தண்ணி கிடைக்காம, எங்கயாவது நல்ல மண்ணாப் பாத்து வெட்டுவோம்னு தூத்துக்குடில கப்பல் ஏறிட்டாரு. இறங்கினது டெக்சாஸ். ஒரு மேட்டைப் பாத்தாரு, மண்ணை எடுத்து மோந்தாரு, வெட்ட ஆரம்பிச்சாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணு, ஜனவரி பத்தாம் தேதி..."

"வியாழக்கிழமை" என்றது காளிராஜின் வாய்.

"வியாழக்கிழமை. பூமிக்குள்ள குடுகுடுன்னு ஒரு சத்தம். அப்புறம் பாத்துக்கோ, கன்னங்கரேல்னு எண்ணெய் பீய்ச்சி அடிக்கு. நம்ம பத்ரகாளியம்மன் கோயில் கோபுரத்தை ரெண்டா அடுக்கின உயரம். கொள்ளுத்தாத்தா அது உச்சியில உக்காந்திருக்காரு. ஒன்பது நாள்! எண்ணெய் நிக்கவும் இல்ல, அவரு இறங்கவும் இல்ல. சோத்தைக் கீழருந்து எண்ணெய்ல போட்டுவிட்டா அதுவே மேல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துச்சு."

பொன்ராஜ் வாயைப் பிளந்தான். "ஒன்பது நாளும் எண்ணெய்லயா அண்ணாச்சி?"

"பின்னே? சனிக்கிழமை வரவும் அப்படியே தேய்ச்சுக் குளிச்சிட்டாரு. சீயக்காய்தான் கிடைக்கல."

"ஒன்பது நாள் பெட்ரோல்ல ஊறினவரு, பீடி குடிக்க மாட்டாரா அண்ணாச்சி?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"எங்க வம்சத்துலயே கிடையாது" என்றார் அண்ணாச்சி. அவர் பீடியை விட்டே எட்டு மாதம்தான் ஆகிறது, அதுவும் விசாவுக்கு மெடிக்கல் எடுப்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியதால்.

காளிராஜ் டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் காத்திருந்தார். "கொள்ளுத்தாத்தா கதை இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க பகல்ல..."

"அதுக்குத்தான் வாரேன். அந்த டெக்சாஸ் முதல்ல தனி நாடு. தெரியுமா? பத்து வருஷம் அவங்களுக்குன்னு தனிக்கொடி, தனி ராஜாங்கம். பிறகு அமெரிக்காவோட சேர்ந்துக்கிட்டாங்க. பழைய கொடியை இறக்கிப் புதுக்கொடி ஏத்தினது ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு, பிப்ரவரி பத்தொம்பது."

"வியாழக்கிழமை."

"இதுவும் வியாழனா? சரி. கொடியை ஏத்தப் போறாங்க, கயிறு அத்துப்போச்சு. ஆயிரம் பேரு கூடி நிக்காங்க. அத்தனை துரைமாரும் கையைப் பிசையுறாங்க. கொள்ளுத்தாத்தா முன்னால வந்தாரு. தன் மீசையில ஒரு பக்கத்தை மட்டும் அவுத்துத் திரிச்சு..."

"மீசையிலயா?"

"ஒரு பக்கம்தான் பொன்ராஜ். மறு பக்கம் அவருக்கு வேணும்ல? அந்தக் கயித்துலதான் கொடி ஏறுச்சு. மொத்தம் ஆறு நாட்டுக் கொடி பறந்த மண்ணுடா அது. ஸ்பெயின்காரன் கொடி, பிரான்ஸ்காரன் கொடி, மெக்சிகோக்காரன் கொடி, இவங்க சொந்தக் கொடி, நடுவுல கலகக்காரங்க கொடி, கடைசியில அமெரிக்கா. ஆறுக்கும் கயிறு நம்மது."

செல்லக்கனி ஒரு தகரத்தை வைத்து மிதித்தாள். "நம்ம பழைய கவுன்சிலரு ஒரே ஆளு ஆறு கொடி பிடிச்சிருக்காரு. அவருக்கு யாரு மீசையும் தேவைப்படல."

பொன்ராஜ் டீ சிந்தச் சிரித்தான். அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. நாற்பது வருஷம் கடைவாசலில் நின்று பேசியவருக்கு, கேலி செய்கிறவன்தான் கடைசியில் வாங்குவான் என்று தெரியும்.

காளிராஜுக்குத்தான் கணக்கு இடித்தது. தப்பான தேதியைப் பார்த்தால் அவர் கையில் சிவப்புப் பேனா தானாக முளைத்துவிடும். "அண்ணாச்சி, தொள்ளாயிரத்து ஒண்ணுல கோபுர உயரத்துல உக்காந்திருந்தவரு, அம்பத்தஞ்சு வருஷம் முன்னால மீசை திரிச்சாரா? அவருக்கு அப்ப என்ன வயசு?"

"டெக்சாஸ்ல எல்லாமே பெருசு காளிராசு. மாடு பெருசு, தொப்பி பெருசு. ஆயுசு மட்டும் சின்னதா இருக்குமா?"

"சரி, ஏன் பின்னாலருந்து முன்னால வர்றீங்க?"

"எனக்கு ஞாபகம் வர்ற வரிசையில சொல்றேன். உனக்குக் கதை வேணுமா, பஞ்சாங்கம் வேணுமா?"

காளிராஜுக்கு ரெண்டும் வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில், அது இந்தக் கிழவனிடம்தான் இருக்கிறது.  அண்ணாச்சி இரண்டாவது சாக்லேட்டைப் பிரித்தார்.

"மார்ச் ஆறு. முப்பத்தாறாம் வருஷம். எண்ணூத்து முப்பத்தாறு."

"ஞாயிறு."

"ஞாயித்துக்கிழமைதான். விடியுறதுக்கு முன்னாடி. ஒரு பழைய கோயில் மாதிரிக் கோட்டை. உள்ள இருக்கிறது இருநூறு பேரு. வெளிய மெக்சிகோப் படை ஆயிரக்கணக்குல. பதிமூணு நாள் முற்றுகை. இருநூறு பேரை வச்சுப் பதிமூணு நாள் தாக்குப்பிடிக்க முடியுமா? எப்படி முடிஞ்சுச்சு? கொள்ளுத்தாத்தா உள்ள உக்காந்து சரவெடி கட்டிக் குடுத்தாரு."

"அப்ப சிவகாசியிலேயே பட்டாசு கிடையாதே அண்ணாச்சி" என்றார் காளிராஜ்.

"இங்க இல்லாததுனாலதான் அங்க போய்ச் செஞ்சாரு. பத்தாயிரம் வாலா. ஒண்ணைப் பத்தவச்சா முடியுறதுக்கு மூணு நாள் ஆகும். மெக்சிகோக்காரன் மூணு நாளும் காதைப் பொத்திக்கிட்டு நின்னான். ரெண்டு கையும் காதுல இருந்தா துப்பாக்கியை எதுல பிடிப்பான்?"

"அப்புறம் என்னாச்சு?" பொன்ராஜுக்குப் பொறுக்கவில்லை.

அண்ணாச்சி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்புறம் எல்லாரும் செத்துப்போனாங்கப்பா. சண்டை போட்டவன்ல ஒருத்தன் மிச்சமில்ல."

"உங்க கொள்ளுத்தாத்தா?" என்றாள் செல்லக்கனி.

"அவரு மருந்து ஈரமாயிருச்சுன்னு காயப்போட வெளிய போயிருந்தாரு."

"சண்டை நடுவுலயா?"

"ஈர மருந்து வெடிக்குமா செல்லக்கனி? நீ எந்த ஊர்க்காரி?"

இதற்குச் சிவகாசியில் பிறந்த யாரும் பதில் சொல்ல முடியாது. அவள் அடுத்த தகரத்தை எடுத்தாள்.

"அந்தக் கோவத்தை அடக்கி வச்சிருந்தாரு. அடுத்த மாசமே பழி வாங்கிட்டாரு. ஏப்ரல் இருபத்தொண்ணு" என்றார் அண்ணாச்சி.

"வியாழன்" என்ற காளிராஜ், "டெக்சாஸ்ல வியாழக்கிழமைக்குத்தான் எல்லாம் நடக்கும் போல" என்று முனகினார்.

"மெக்சிகோ படை ஒரு ஆத்தங்கரையில இறங்கியிருக்கு. கொள்ளுத்தாத்தா சமையக்காரன் வேஷத்துல உள்ள போனாரு. ஆளுக்கு ஒரு படி சோறு. பருப்பு, நெய்யி, உருளைக்கிழங்குப் பொரியல், கடைசியில கெட்டித் தயிர். சாப்பிட்டு முடிச்ச மாத்திரத்துல அத்தனை சிப்பாயும் குறட்டை. அந்தக் குறட்டையில ஆத்துத் தண்ணி எதிர்ப்பக்கம் ஓடுச்சுன்னா பாத்துக்கோயேன். அந்த நேரம் டெக்சாஸ்காரன் உள்ள பூந்தான். மொத்தச் சண்டையும் பதினெட்டு நிமிஷம். ஒரு நாடு கைமாறிப் போச்சு! நம்ம தெருவுல கரண்டு போனா ஃபியூஸ் போட ஆள் வர்றதுக்கே நாலு மணி நேரம் ஆகுது."

"அந்தப் பதினெட்டு நிமிஷமும் நிசமா?" என்று கேட்டான் பொன்ராஜ்.

"நிசம்டா. அங்க போட்டிருக்கு."

எங்கே போட்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் காளிராஜின் காதில் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. போட்டிருக்கு. எதில் போட்டிருக்கு?

அவர் கடைசியாக இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. "அண்ணாச்சி, நான் சாயங்காலம் மருமகனுக்குப் பதில் சொல்லணும். காலைல எந்திரிச்சு, காப்பி குடிச்சு, அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் என்ன செய்வீங்க? அதை மட்டும் சொல்லிருங்க."

அண்ணாச்சி அவரை ஒரு நொடி பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

"ஒட்டகம்" என்றார்.

"என்னது?"

"ஒட்டகம்டா. மே பதினாலு. எண்ணூத்து அம்பத்தாறு."

"புதன்" என்று வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை. மனசு மகளின் அடுப்படிச் சுவருக்குப் போய்விட்டது.

"டெக்சாஸ் பாலைவனத்துல மூட்டை சுமக்கக் குதிரையால முடியல. அமெரிக்கா பட்டாளத்துக்காரன் கப்பல்ல ஒட்டகம் கொண்டுபோய் இறக்குனான். முப்பதுக்கு மேல. கரையில கால் வைச்சதும் அதுக வெறிபிடிச்சு ஆடுதுக. யாரும் கிட்டப் போக முடியல. கொள்ளுத்தாத்தா போய் ஒவ்வொண்ணு காதுலயும் ஒரு வார்த்தை சொன்னாரு..."

"ஒட்டகத்துக்குத் தமிழ் தெரியுமா அண்ணாச்சி?" என்றாள் செல்லக்கனி.

"அதட்டுனா எந்தப் பாஷையும் தெரியும். அதுல ஒரு ஒட்டகம் தாகத்துல ஆத்துல வாயை வச்சது, எடுக்கல. ஆறு வத்திப்போச்சு. பக்கத்து ஜில்லாக்காரன் வந்து எங்க தண்ணியைக் காணோம்னு சண்டைக்கு நிக்கான். கொள்ளுத்தாத்தா என்ன செஞ்சாரு? ஒட்டகத்து வயித்துல பைப்பை மாட்டி, அவனவன் பங்கை அளந்து விட்டுட்டாரு. ரெண்டு ஜில்லாவும் சமாதானமாயிருச்சு. நம்ம பக்கமும் அப்படி ஒரு ஒட்டகம் கிடைச்சா நல்லாயிருக்கும்."

பொன்ராஜ் சிரிக்கிறான், செல்லக்கனி தகரம் அடிக்கிறாள். காளிராஜ் மேசையில் கிடந்த வேஸ்ட் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதிப் பார்த்தார். தொள்ளாயிரத்து ஒன்று, எண்ணூற்று நாற்பத்தாறு, முப்பத்தாறு, மறுபடி முப்பத்தாறு, ஐம்பத்தாறு. வருஷம் முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. பக்கத்திலேயே மாதத்தை எழுதினார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. ஒன்றுகூடத் தள்ளாடவில்லை. நாற்பது வருஷம் ப்ரூஃப் பார்த்த கண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அண்ணாச்சி ஊரை விட்டுப் போனது ஜனவரி ஒன்றாம் தேதி. திரும்பியது ஜூன் கடைசி.

காளிராஜுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோனது. பேனாவைக் கீழே வைத்தார்.

"அடுத்தது ஜூன் மாசமா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா. ஜூன் பத்தொம்பது. எண்ணூத்து அறுபத்தஞ்சு. எப்படித் தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை. சும்மா கேட்டேன். சொல்லுங்க."

"அங்க அடிமைகள வச்சு வேலை வாங்குன காலம். அவங்களுக்கெல்லாம் விடுதலைன்னு தலைநகரத்துல உத்தரவு போட்டாச்சு. ஆனா டெக்சாஸுக்கு அந்தச் சேதி வந்து சேர ரெண்டரை வருஷம் ஆயிருச்சு. கடக்கரை ஊருல நின்னு உத்தரவை வாசிச்சப்பதான் அந்த சனங்களுக்கே தெரியும். அந்தக் கடுதாசியைத் தலைநகரத்துலருந்து கொண்டு வந்தது யாருங்குற? எங்க கொள்ளுத்தாத்தாதான்."

செல்லக்கனி காலை மிஷினிலிருந்து எடுத்தாள். "அப்ப ரெண்டரை வருஷம் லேட்டாக்குனது உங்க கொள்ளுத்தாத்தாதானா?"

 காரைக்குடி நகைக்கடைக்காரரை மடக்கியவர் சாக்லேட் தாளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் கிணத்து உச்சியில ஒன்பது நாள் உக்காருறதுக்கு நேரம் இருந்துச்சு, மீசை திரிக்க நேரம் இருந்துச்சு. ஒரு கடுதாசியைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க நேரமில்லையாக்கும்? அதுவரைக்கும் அந்தப் பொம்பளைங்க சும்மா வேலை பாத்துக்கிட்டே கெடந்திருக்காக." செல்லக்கனி கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"அவரு இல்ல" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கிவிட்டது. "இதுல மட்டும் அவரு இல்ல, விடு. அந்தப் படத்துல ஒரு அம்மா நிக்கும் செல்லக்கனி. சேதி வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டு, இடுப்புல பிள்ளையோட. சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. அந்த மூஞ்சியை நான் ஜூன் மாசம் பூராப் பாத்தேன்."

"எந்தப் படத்துல அண்ணாச்சி?" என்றான் பொன்ராஜ்.

"பொன்ராஜ், கட்டிங்ல தாள் அடுக்கிக் கெடக்கு, போ" என்றார் காளிராஜ். டீ நேரம் முடிந்திருந்தது. பொன்ராஜ் போனான். செல்லக்கனி திரும்பி உட்கார்ந்து மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது பக்கத்திலிருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும் என்று காளிராஜ் நினைத்தார்.

காளிராஜ் ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் காலண்டர் எந்தச் சுவர்ல மாட்டியிருந்துச்சு அண்ணாச்சி?"

அண்ணாச்சி சிவப்புப் பேனா எழுத்தைப் பார்த்தார். ஜனவரி முதல் மே வரை இறங்கி வந்த வரிசையைப் பார்த்தார். மறுக்கவில்லை. காலண்டர்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு மாதம் பிசகாமல் புளுகினால் மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்வது.

"பாத்திரம் கழுவுற தொட்டிக்கு மேல" என்றார்.

மிஷின் டக், டக் என்று அடித்தது.

"யாரையும் குறை சொல்லக் கூடாது. நல்லாத்தான் வச்சுக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. "மருமகன் காலைல கம்ப்யூட்டர் வேலைன்னு ஒரு அறையில போய்க் கதவடைச்சா சாயங்காலம்தான். மக கைப்பிள்ளையோட ராத்திரி பூரா முழிச்சதுல பகல்ல அசந்துருவா. வீட்டுக்காரி ராஜகனிக்கு அடுப்படியும் பிள்ளையும் சரியாயிருக்கும். எனக்குப் பால் பாட்டில் கழுவுற வேலை. ஒரு நாளைக்குப் பதினாலு பாட்டில். கொதிக்க வச்சு, கவுத்து, துடைச்சு. ஒரு நாளு வெளிய நடந்து பாப்போம்னு போனேன். ரோட்டுல ஒரு குருவி கிடையாது. கார்ல போன ஒருத்தன் நிறுத்தி, என்ன பெரியவரே, வழி தவறிட்டீங்களான்னு கேட்டான். ஆறு மாசத்துல வலிய வந்து பேசுன வெளியாளு அவன் ஒருத்தன்தான். அவன்கிட்ட ஒரு கதையாவது சொல்லியிருக்கலாம், எனக்கு இங்கிலீஷ் அந்த வேகத்துக்கு வரல."

காளிராஜ் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"தொட்டி முன்னால நின்னா கண்ணுக்கு நேரே அந்தக் காலண்டர். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருத்தன் நம்மாளுக வீடு ஒண்ணு விடாம குடுத்திருக்கான். உன் மக வீட்டுலயும் இருக்கும். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். படத்துல இருக்கிறவன் எல்லாம் எதையாவது பெருசாச் செஞ்சுக்கிட்டே இருக்கான் காளிராசு. ஒருத்தன் சண்டை போடுறான், ஒருத்தன் பூமியைத் தோண்டுறான். நான் பாட்டில் கழுவிக்கிட்டு நிக்கேன். ஒரு நாள் நம்மாளு ஒருத்தனை உள்ள நிறுத்திப் பாத்தேன். பொழுது போயிருச்சு. மறுநாளும் நிறுத்தினேன்."

காளிராஜுக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. அவர் பயந்தது என்னவோ அதுதான் அங்கே இருக்கிறது. ஒன்றும் கூடுதலில்லை, குறைவுமில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த ஆள் எதிரில் முழுசாக உட்கார்ந்து சாக்லேட் தின்றுகொண்டிருக்கிறார்.

"ஜூலைல என்ன படம் அண்ணாச்சி?"

"தெரியாதே."

"ஆறு மாசம் எதிர்ல நின்னிருக்கீங்க. தூக்கிப் பாக்கலையா?"

"மாசம் பிறக்காம தாளைத் திருப்புவாங்களா? நம்ம தொழிலுக்கு ஆகுமா அது?" என்று அதட்டினார் அண்ணாச்சி. பிறகு அவரே, "அதுவுமில்லாம, எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்துட்டா மறுநாள் என்னத்தடா பாக்கிறது?" என்றார்.

"திரும்பக் கூப்பிட்டா போவீங்களா?"

"நாளைக்கே போவேன்." கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது. "பேரன் இந்தத் தொப்பியைப் பிடிச்சு இழுப்பான் பாரு. அவன் ஒருத்தன்தான் என் கதை பூராவையும் நம்புனவன்."

காளிராஜ் அந்த வேஸ்ட் தாளை மறுபடி முன்னால் இழுத்தார். பிறகு மே மாதத்துக்குக் கீழே ஜூன் என்று எழுதி, அதற்கும் கீழே ஒரு கோடு இழுத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மருமகனைக் கூப்பிட்டார். "ரெண்டு டிக்கெட்டாப் போட்டுருங்க மாப்பிள்ளை" என்றார். அந்தப் பக்கம் மகள் சந்தோஷத்தில் கத்தியது அண்ணாச்சிக்கே கேட்டது.

"பாட்டில் கழுவுறதுக்கு நீள பிரஷ் கேட்டு வாங்கிக்கோ. சின்ன பிரஷ் கொடுத்தா உள்ள போகாது" என்றார் அண்ணாச்சி. எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லாம் சரி. உங்க கொள்ளுத்தாத்தாவை என்ன பண்றது? அவரை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்களே."

"ஜூன் முப்பதோட அவரு வேலை முடிஞ்சுபோச்சு. கப்பல் ஏறிட்டாரு" என்றார் அண்ணாச்சி. "இனிமே டெக்சாஸ் உன் கொள்ளுத்தாத்தா பொறுப்பு."

வாசல் நிலையில் தொப்பி மறுபடியும் இடித்தது. இந்தத் தடவை அதைக் கையில் பிடித்துக்கொண்டே போய்விட்டார்.

காளிராஜ் ப்ரூஃப் கட்டை இழுத்து வைத்தார். ரெண்டு தாள் பார்த்தார். மூன்றாவது தாளில் சந்திராஷ்டமம் தப்பாக இருந்தது, திருத்தினார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தபடி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"செல்லக்கனி, எங்க கொள்ளுத்தாத்தாவைப் பத்தி உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

செல்லக்கனி தலையை நிமிர்த்தவில்லை. ஒரு தகரத்தை எடுத்து, தாளோடு சேர்த்து வைத்து, டக்கென்று மிதித்தாள்.

"எந்த மாசத்துலருந்து ஆரம்பிக்காரு உங்க கொள்ளுத்தாத்தா? ஜூலையா?"